வால்ட்டைல் போட்டும் ஸ்டாக் மைனஸில் போகுது: திரெட்களுக்கு நடுவே டேட்டாவை எப்படிப் பகிர்வது?

#1 · நூல்கண்டு · ஞாயிறு இரவு 10:42

எல்லாருக்கும் வணக்கம். ஜவுளி மொத்த வியாபாரம் பண்ற ஒருத்தருக்கு ஸ்டாக் மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கேன். ஜாவா 17. ஆறு கவுன்ட்டர்ல பில் போடுவாங்க, ஒவ்வொரு பில்லும் தனித் திரெட்ல (மத்ததோட ஒரே நேரத்துல ஓடுற வேலை இழை) வரும். ரகத்துக்கு ஒரு ஆப்ஜெக்ட், அதுக்குள்ள `இருப்பு`ன்னு ஒரு எண். விற்கிற இடத்துல இருக்கிறது இவ்வளவுதான்:

இருப்பு >= கேட்டது என்றால்
  இருப்பு -= கேட்டது

சாதாரண நாள்ல ஒரு குறையும் இல்ல. ஆடித் தள்ளுபடி ஆரம்பிச்சதும் வம்பு. ஒரு ரகம் மைனஸ் 3ன்னு காட்டுது. இன்னொரு ரகத்துல கம்ப்யூட்டர் 40ங்குது, குடோன்ல எண்ணினா 36 தான். எங்கயோ படிச்சு `இருப்பு`க்கு முன்னாடி வால்ட்டைல் போட்டேன். மாற்றமே இல்ல. தனியா ஒரு சோதனையும் பண்ணேன்: 8 திரெட், ஒவ்வொன்னும் ஒரே எண்ணை 1,00,000 தடவை ஒன்னு கூட்டணும். 8,00,000 வரணும். ஒரு தடவை 2,91,340, அடுத்த தடவை 3 லட்சத்து சொச்சம். தடவைக்குத் தடவை மாறுது. வால்ட்டைல்னா "எல்லா திரெட்டுக்கும் புது மதிப்பு தெரியும்"னு தானே அர்த்தம்?

#2 · பழைய கணக்கர் · ஞாயிறு இரவு 11:15

தெரியும். தெரிவது மட்டும் போதாது என்பதுதான் சிக்கல்.

`இருப்பு -= 2` என்பது உங்கள் கண்ணுக்கு ஒரு வரி. இயந்திரத்துக்கு மூன்று வேலை: படி, கழி, எழுது. கடையில் ஒரே பேரேடு, இரண்டு கணக்குப் பிள்ளைகள். முதலாமவர் 10 என்று பார்த்துவிட்டு மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். அதற்குள் இரண்டாமவரும் எட்டிப் பார்க்கிறார், அவர் கண்ணிலும் 10. இருவரும் ஆளுக்கு இரண்டு கழித்து 8 என்று எழுதுகிறார்கள். நான்கு பீஸ் போய்விட்டது, ஏட்டில் இரண்டுதான் குறைந்தது. உங்கள் 40க்கும் 36க்கும் நடுவே தொலைந்தது இப்படிப்பட்ட கழித்தல்கள்தான்.

வால்ட்டைல் செய்வது, பேரேட்டை எல்லோர் கண்ணிலும் படும்படி வைப்பது. ஒரு திரெட் எழுதியதை மற்றது பார்க்கும். அதற்கு முன்னால் எழுதியவற்றையும் சேர்த்துப் பார்க்கும். 2004இல் வந்த ஜாவா 5 இந்த விதியைத் தெளிவாக எழுதிவைத்தது. ஆனால் ஒருவர் படித்ததற்கும் எழுதியதற்கும் நடுவில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது என்று அது சொல்லவில்லை. "நிறுத்து" என்று ஒருவர் கொடி காட்ட, மற்றவர் பார்த்து நிற்கும் வேலைக்கு வால்ட்டைல் சரி. கூட்டிக் கழிக்கும் வேலைக்குச் சரியில்லை.

#3 · மலைப்பாம்பு · ஞாயிறு இரவு 11:31

பைத்தான்ல எழுதியிருந்தா இந்தத் தலைவலியே இல்ல பாஸ். ஜில்னு ஒரு பொதுப் பூட்டு உள்ளயே இருக்கு, ஒரு நேரத்துல ஒரு திரெட்தான் ஓடும். நான் இதே 8 திரெட் சோதனையை இப்பத்தான் ஓட்டிப் பார்த்தேன், சரியா 8,00,000.

#4 · இரவுப்பறவை · திங்கள் காலை 12:08

மலைப்பாம்பு, அது அதிர்ஷ்டம். அதுவும் பழைய பதிப்புல இருந்தா இந்த அதிர்ஷ்டம்கூட வந்திருக்காது.

ஜில் காப்பாத்துறது பைத்தானோட உள் உறுப்புகளை, உங்க கணக்கை இல்ல. அங்கயும் ஒன்னு கூட்டுறது பல பைட்கோடு, அதாவது பல சின்னக் கட்டளைதான். வேற திரெட் காத்திருந்தா 5 மில்லிசெகண்டுக்கு ஒருதடவை ஜில்லை விடச் சொல்லும். 3.10லேர்ந்து அந்த மாற்றம் லூப் திரும்புற இடம், ஃபங்ஷன் கூப்பிடுற இடம் மாதிரி சில இடத்துல மட்டும்தான் நடக்குது. அதனால உங்க குட்டி லூப்புல நடுவுல வெட்டு விழல. படிக்கிறதுக்கும் எழுதுறதுக்கும் நடுவுல ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டுப் பாருங்க. போதாக்குறைக்கு 3.13லேர்ந்து ஜில் இல்லாத பதிப்பே வந்தாச்சு. "ஜில் இருக்கே"ன்னு எழுதின கோடெல்லாம் அங்க போய் என்ன ஆகும்னு யோசிங்க.

ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்ங்கிறது திரெட் விஷயத்துல மட்டும் செல்லாது. ஒரு தடவை சரியா வந்தது அடுத்த தடவைக்கு சாட்சி இல்ல.

#5 · நூல்கண்டு · திங்கள் காலை 9:20

நன்றி கணக்கர் ஐயா, பேரேடு உதாரணம் நல்லாப் புரிஞ்சது. படிச்சு, கழிச்சு, எழுதுறதை நடுவுல வெட்டு விழாம ஒரே வேலையாச் செய்யுற அட்டாமிக்இன்டீஜருக்கு மாத்திட்டேன். 8 திரெட் சோதனை இப்ப ஒவ்வொரு தடவையும் 8,00,000. சந்தோஷமா கடைல போட்டேன். காலைல கடை திறந்து அரை மணி நேரம்தான், ஒரு ரகம் மைனஸ் 1. கழித்தல் எதுவும் தொலையலைன்னா மைனஸ் எப்படி வருது?

#6 · இரவுப்பறவை · திங்கள் காலை 9:58

கழிக்கிறதை மட்டும் பிரிக்க முடியாததா ஆக்கியிருக்கீங்க. அதுக்கு மேல் வரியில இருக்கிற "போதுமா?"ங்கிற கேள்வி தனியாத்தான் நிக்குது.

இருப்பு 3. ரெண்டு கவுன்ட்டர்லயும் ஆளுக்கு 2 கேக்குறாங்க. முதல் திரெட்: 3 >= 2, போதும். ரெண்டாவது திரெட்: 3 >= 2, போதும். முதலாவது கழிக்குது, 1. ரெண்டாவது கழிக்குது, மைனஸ் 1. ரெண்டு கழித்தலும் அட்டாமிக்தான், ஒன்னும் தொலையல. ஆனா ரெண்டாவது திரெட் கேட்டு வாங்கின பதில் அதுக்குள்ள பழசாயிடுச்சு.

எனக்கு இது புரிய ரொம்ப நாள் ஆச்சு, அதனால அழுத்திச் சொல்றேன். பூட்டு போடுறது ஒரு வேரியபிளுக்கு இல்ல. எப்பவும் உண்மையா இருக்க வேண்டிய ஒரு வாக்கியத்துக்கு. உங்க வாக்கியம்: "இருப்பு ஒருநாளும் பூஜ்யத்துக்குக் கீழ போகாது." இதைத் தாள்ல எழுதுங்க. இந்த வாக்கியத்தை நம்பி முடிவெடுக்கிற வரி எது, மாத்துற வரி எதுன்னு கோடு போடுங்க. அத்தனையும் ஒரே பூட்டுக்குள்ள வரணும். ஒரு வரி வெளியில நின்னாலும் பூட்டு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ரெண்டு வழி. ஒன்னு, அட்டாமிக்கையே வெச்சுக்கிட்டு: மதிப்பைப் படி; போதலைன்னா "இல்லை"ன்னு திரும்பு; போதும்னா "நான் படிச்ச மதிப்பே இன்னும் இருந்தா மட்டும் புதுசைப் போடு"ன்னு கம்பேர்அண்ட்செட் கூப்பிடு; நடுவுல யாராவது மாத்தியிருந்தா தோக்கும், மறுபடி முதல்லேர்ந்து. ஒரே ஒரு எண்ணா இருக்கிறவரைக்கும் இது அழகு. இன்னொன்னு, ரகத்துக்கு ஒரு பூட்டு வெச்சு கேள்வியையும் கழித்தலையும் சேர்த்து சிங்க்ரனைஸ்டுக்குள்ள (பூட்டு வெச்சிருக்கிற திரெட் மட்டும் நுழையிற பகுதி) போடுறது. நான் ரெண்டாவதைத்தான் சொல்வேன். உங்க எண் தனியா இருக்காது, நாளைக்கு "முன்பதிவு"ன்னு இன்னொரு எண் பக்கத்துல வந்து உக்காரும்.

#7 · துருப்பிடிச்சவன் · திங்கள் காலை 10:30

ரஸ்ட் மொழில இந்தக் கோடு கம்பைல் ஆகியே இருக்காது. பூட்டுக்குள்ளதான் டேட்டாவே இருக்கும். மியூட்டெக்ஸ்ங்கிற அந்தப் பூட்டைப் பிடிக்காம உள்ள இருக்கிறதைத் தொட முடியாது. ஜாவால பூட்டு ஒரு மூலை, டேட்டா ஒரு மூலை, ரெண்டுக்கும் உறவு புரோகிராமர் தலைக்குள்ள மட்டும்.

#8 · பழைய கணக்கர் · திங்கள் காலை 11:05

பாதி உண்மை. #1இல் இருந்தது ரஸ்ட்டில் கம்பைல் ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். #5இல் இருப்பது ஆகும். ரஸ்ட்டிலும் அட்டாமிக் உண்டு. படித்துவிட்டுப் பிறகு கழித்தால் கம்பைலர் வாய் திறக்காது. ஒரே நினைவிடத்தில் இருவர் ஒழுங்கின்றிக் கை வைப்பதை அது தடுக்கும். கேள்விக்கும் செயலுக்கும் நடுவே உலகம் மாறிப்போவதைத் தடுக்காது. மற்றபடி, பூட்டுக்குள் டேட்டாவை வைப்பது நல்ல பழக்கம். ஜாவாவிலும் அந்த எண்ணைப் பிரைவேட் ஆக்கி, தொடுகிற மெத்தட்கள் அனைத்தையும் ஒரே வகுப்புக்குள் அடைத்தால் கிட்டத்தட்ட அதே பலன்.

#9 · நூல்கண்டு · திங்கள் மாலை 4:47

இரவுப்பறவை அக்கா சொன்ன மாதிரி பூட்டு போட்டேன். எளிமையா இருக்கட்டும்னு கன்கரன்ட்ஹேஷ்மேப்ல (பல திரெட் சேர்ந்து தொடக்கூடிய அட்டவணை) ரகக் கோட், இருப்பு எண் மட்டும் வெச்சுக்கிட்டேன். மேப்பிலேர்ந்து அந்த ரகத்தோட எண்ணை எடுத்து, அந்த எண் மேலயே சிங்க்ரனைஸ்டு. உள்ள சரிபார்த்து, கழிச்சு, புது எண்ணைத் திருப்பிப் போடுறேன். இன்னமும் வித்தியாசம் வருது. என்னோட ராசியா இது?

#10 · கடலோரம் · திங்கள் மாலை 5:20

தம்பி, நானும் உந்தப் பிரச்சினையில ஒரு கிழமை மினக்கெட்டனான். ராசி இல்லை, பூட்டு மாறிப் போகுது.

ஜாவாவில இன்டீஜர் எண்டது மாறாத ஆப்ஜெக்ட். நீங்கள் 200ஐ எடுத்து 198 போட்டா, மேப்புக்குள்ள இப்ப இருக்கிறது வேறை ஆப்ஜெக்ட். முதல் திரெட் 200 எண்ட ஆப்ஜெக்ட்டைப் பூட்டிக்கொண்டு நிக்குது, அடுத்து வாறது 198ஐப் பூட்டுது. வீட்டுக்கு ஒவ்வொரு முறையும் புதுக் கதவு போட்டுப் பழைய கதவைப் பூட்டின மாதிரி. இன்னுமொரு பகிடி: மைனஸ் 128 தொடக்கம் 127 வரையான இன்டீஜர்களை ஜாவா ஒருக்கா உருவாக்கிப் பகிர்ந்து வைச்சிருக்கும். வேட்டியும் 50, துண்டும் 50 எண்டா ரெண்டுக்கும் ஒரே பூட்டு!

மேப்பில எடுத்துப் பிறகு போடுறதை விட்டிட்டு கம்ப்யூட் எண்ட மெத்தட்டைப் பாவியுங்கோ. அந்தக் கோட்டுக்கு அது முடியும் வரைக்கும் வேறை ஒருத்தரும் கை வைக்கேலாது. உள்ளுக்கை செய்யிற வேலை சின்னனா இருக்கோணும், அதே மேப்பின்ர வேறை கோட்டைத் தொடக் கூடாது.

#11 · நூல்கண்டு · செவ்வாய் காலை 11:02

கடலோரம் அண்ணை, அடிச்சீங்க! விற்பனை சரியாயிடுச்சு. நேத்து மாலை முழுக்க ஒரு பீஸ் வித்தியாசம் இல்ல.

ஆனா "ஒரு குடோன்லேர்ந்து இன்னொரு குடோனுக்கு மாத்து"ன்னு ஒரு பக்கம் இருக்கு. ரெண்டு எண்ணைச் சேர்த்து மாத்தணும்ங்கிறதால கம்ப்யூட் உதவல. குடோனுக்கு ஒரு பூட்டு ஆப்ஜெக்ட் வெச்சேன்: அனுப்புற குடோனைப் பூட்டு, வாங்குற குடோனைப் பூட்டு, மாத்து. இன்னிக்குக் காலைல அந்தப் பக்கம் அப்படியே உறைஞ்சு போச்சு. சிபியூ சும்மா இருக்கு, குடோன் மாற்றம் மட்டும் நகரல. ரீஸ்டார்ட் பண்ணித்தான் விட்டேன்.

#12 · இரவுப்பறவை · செவ்வாய் காலை 11:26

ரீஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஜேஸ்டாக்ங்கிற ஜாவா கருவியை ஓட்டியிருக்கணும் தம்பி. எந்த திரெட் எதைப் பிடிச்சிருக்கு, எதுக்காக நிக்குதுன்னு கடைசியில தானாவே சொல்லும், "டெட்லாக்"னு பேர் போட்டே. அடுத்த தடவை மறக்காதீங்க.

இது அம்மி, குழவி கதை. ஒருத்தி அம்மியை எடுத்துக்கிட்டு குழவிக்குக் காத்திருக்கா. இன்னொருத்தி குழவியை எடுத்துக்கிட்டு அம்மிக்குக் காத்திருக்கா. ரெண்டு பேரும் விட்டுக்கொடுக்கல. சட்னி வராது. உங்க கடைல ஒருத்தர் 1லேர்ந்து 2க்கு அனுப்புற அதே நேரத்துல இன்னொருத்தர் 2லேர்ந்து 1க்கு அனுப்பியிருக்கார்.

தீர்வு, யாரா இருந்தாலும் முதல்ல அம்மி, அப்புறம்தான் குழவி. யார் அனுப்புறா, யார் வாங்குறாங்கிறதைப் பார்க்காதீங்க. குடோன் எண் சின்னதை முதல்ல பூட்டுங்க. வட்டம் சுத்த வழியே இருக்காது.

அப்புறம் ஒரு சந்தேகம். விற்பனைக்கு கம்ப்யூட், மாத்துறதுக்குக் குடோன் பூட்டு. ரெண்டும் ஒரே எண்ணைத்தானே தொடுது? அப்ப ஒன்னுக்கொன்னு தெரியாம ரெண்டு காவலாளி. எல்லாத்தையும் குடோன் பூட்டுக்குள்ள கொண்டு வாங்க.

#13 · பழைய கணக்கர் · செவ்வாய் மதியம் 12:10

இன்னும் எளிய வழி ஒன்று உண்டு, யாரும் சொல்ல மாட்டார்கள், கௌரவக் குறைச்சல். ஆறு கவுன்ட்டருக்கு மொத்தமாக ஒரே பூட்டு போதும். போட்டியில்லாதபோது ஒரு பூட்டைப் பிடித்து விட ஒரு மைக்ரோசெகண்டுகூட ஆகாது. ஆறு பேர் நொடிக்கு எத்தனை பில் போட்டுவிட முடியும்? லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலே 1996இல் பல பிராசஸர்களில் ஓடத் தொடங்கியபோது ஒரே பெரிய பூட்டோடுதான் ஓடியது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, கடைசித் துண்டைத் தூக்கி எறிய 2011 ஆனது. உங்களுக்கு அவ்வளவு அவசரமில்லை.

ஒரே நிபந்தனை: பூட்டுக்குள் நின்றுகொண்டு வெளியுலகத்தோடு பேசாதீர்கள். பிரின்டர், நெட்வொர்க், கோப்பு எதுவும் வேண்டாம்.

#14 · நூல்கண்டு · செவ்வாய் மதியம் 12:31

ஐயா... பில் பிரின்ட் பண்றது பூட்டுக்குள்ளதான் இருக்கு.

#15 · துருப்பிடிச்சவன் · செவ்வாய் மதியம் 12:33

😂 அப்ப பேப்பர் தீர்ந்தா ஊரே நிக்கும்.

#16 · சும்மா எட்டிப்பார்த்தவன் · செவ்வாய் மதியம் 2:15

ஜவுளிக்கடையில இழைப் பிரச்சினை, அதுக்கு இங்க ஒரு நீளமான இழை. சிரிக்காம இருக்க முடியல. ஆனா உண்மையாவே கேக்குறேன்: மாசத்துக்கு ரெண்டு பீஸ் வித்தியாசம் வந்தா என்ன? இவ்வளவு மண்டையைக் குடைஞ்சுக்கணுமா?

#17 · பழைய கணக்கர் · செவ்வாய் மதியம் 3:02

ரெண்டு பீஸோடு நிற்கும் என்று யார் சொன்னது? 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்க வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. தொடக்கம், மின்கம்பிகள் மரத்தில் உரசியது. அது எந்த ஊரிலும் நடப்பது. ஆனால் ஒஹாயோவில் ஃபர்ஸ்ட்எனர்ஜி நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டிய மென்பொருள் அதற்கு முன்பே உறைந்து கிடந்தது. காரணம், பகிர்ந்த டேட்டாவை ஒரே நேரத்தில் இருவர் தொட்ட இதே சிக்கல். மணி அடிக்கவில்லை என்பதால் எல்லாம் நலம் என்று ஒரு மணி நேரத்துக்கும் மேல் இருந்துவிட்டார்கள். அதற்குள் கம்பி மேல் கம்பியாக விழுந்துவிட்டது. அதுவும் அதுவரை சரியாக ஓடிக்கொண்டிருந்த மென்பொருள்தான்.

#18 · கடலோரம் · செவ்வாய் மாலை 6:40

இந்த வகைப் பிழையளுக்கு வெக்கம் அதிகம், பார்க்கப் போனால் ஒளிஞ்சிடும். ஒருக்கா வால்ட்டைல் இல்லாத ஒரு "நிப்பாட்டு" கொடியை ஒரு லூப் பார்த்துக்கொண்டே இருந்தது, நிக்கவே இல்லை. ஏன் எண்டு பார்க்க லூப்புக்குள்ள ஒரு பிரின்ட் வரி போட்டன். உடனை ஒழுங்கா நிண்டிட்டுது! வரியை எடுத்தா திரும்பவும் நிக்காது. கொடியை ஒருக்காப் பார்த்தாப் போதும் எண்டு ஜிட் கம்பைலர் (ஓடேக்கையே கோடை வேகமாக்கிற ஜாவாவின்ர பகுதி) படிக்கிறதை லூப்புக்கு வெளியில தூக்கி வைச்சிட்டுது. பிரின்ட்டுக்குள்ள ஒரு பூட்டு இருக்கு. அது வந்தவுடனை அந்தக் குறுக்குவழி அடைபட்டுப் போச்சு.

சி++, கோ எண்ட மொழியளைப் பாவிக்கிற ஆக்களுக்கு, இப்பிடி முட்டுறதைக் கண்டுபிடிக்கிற ரேஸ் டிடெக்டர் இருக்கு. சி++ல திரெட்சானிட்டைசர், 5 தொடக்கம் 15 மடங்கு மெதுவா ஓடும், ஆனா எந்த ரெண்டு வரி முட்டுது எண்டு காட்டித் தரும். அதுகும் ஓடின பாதையிலதான் பிடிக்கும்.

#19 · நூல்கண்டு · புதன் காலை 8:55

ஒரே பூட்டு போட்டாச்சு, பிரின்ட்டை வெளியே எடுத்தாச்சு. நேத்து அதுக்கப்புறம் எல்லாம் சரி. எல்லாருக்கும் நன்றி.

கடைசியா ஒன்னு. ஆரம்பிக்கும்போது மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்லேர்ந்து இருப்பை எடுத்து மெமரில வெச்சுக்கிறேன், ஒவ்வொரு பில்லுக்கும் புது எண்ணை அங்க எழுதுறேன். அடுத்த வாரம் ரெண்டாவது கிளைல இன்னொரு சர்வர் இதே டேட்டாபேஸோட ஓடப் போகுது. அதுக்கு ஏதாவது மாத்தணுமா?

#20 · இரவுப்பறவை · புதன் காலை 9:10

இதை முதல் பதிவுலயே சொல்லியிருக்கலாம்ல!

நாம மூணு நாளா போட்ட பூட்டு ஒரு ஜேவிஎம்முக்குள்ள, அதாவது ஓடுற ஒரு ஜாவா புரோகிராமுக்குள்ள மட்டும் செல்லும். ரெண்டு சர்வர்னா ரெண்டு பேரேடு, ரெண்டு பூட்டு. சின்னதா இருந்த கணக்கர் ஐயா கதை பெருசா திரும்ப வரும்: அந்தக் கிளை 8ன்னு எழுதும், இந்தக் கிளையும் 8ன்னு எழுதும்.

மெமரில இருப்பை வெச்சுக்காதீங்க. பகிரவே வேண்டாம்ங்கிறதுதான் எல்லாப் பூட்டையும்விட நல்ல பூட்டு. டேட்டாபேஸ்ல புது எண்ணை எழுதாதீங்க, கழிக்கச் சொல்லுங்க. அப்டேட்ல "இருப்பு = இருப்பு - 2", வேர் (WHERE, நிபந்தனை) பகுதில ரகக் கோடோட சேர்த்து "இருப்பு >= 2". ஒரே வாக்கியத்துல கேள்வியும் கழித்தலும். எத்தனை வரி மாறுச்சுன்னு அது திருப்பிச் சொல்லும்: 1னா வித்தாச்சு, 0னா சரக்கு இல்ல. முடிஞ்சது. #6ல எழுதச் சொன்ன வாக்கியம் அப்படியே இருக்கு பாருங்க, காவல் காக்கிற ஆள்தான் மாறியிருக்கான்.

குடோன் மாத்துறதுக்கு ரெண்டு அப்டேட்டையும் ஒரு டிரான்சாக்ஷனுக்குள்ள (நடந்தா எல்லாம், இல்லன்னா எதுவும் இல்ல) போடுங்க. அங்கயும் சின்ன எண் குடோன் முதல்ல. அனுப்புற குடோன்ல சரக்கு போதாம 0 வந்தா ரோல்பேக், எல்லாத்தையும் பழையபடி ஆக்கிடுங்க.

#21 · பழைய கணக்கர் · புதன் காலை 9:41

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். வரிசை சரியாக இருந்தாலும் டேட்டாபேஸில் டெட்லாக் எப்போதாவது வரும். பல ரகம் உள்ள ஒரே பில்லில் ரகங்களை ஆளுக்கொரு வரிசையில் எழுதினால் கட்டாயம் வரும். மைஎஸ்க்யூஎல்லின் உள்ளே இருக்கும் இன்னோடிபி அதைத் தானே கண்டுபிடித்து ஒருவரைத் தள்ளிவிடும், பிழை எண் 1213. அதைக் கவுன்ட்டர்காரரிடம் காட்டாதீர்கள். அந்த டிரான்சாக்ஷன் முழுவதையும் முதலிலிருந்து மறுபடி ஓட்டுங்கள், மூன்று தடவை வரைக்கும். பில்லில் ரகங்களைக் கோட் வரிசையில் அடுக்கிவிட்டு எழுதினால் அதுவும் அரிதாகிவிடும்.

#22 · நூல்கண்டு · சனி இரவு 9:15

ரெண்டு சர்வரையும் என் வீட்டு மெஷின்லயே ஓட்டி, 20 திரெட்ல விற்பனையும் குடோன் மாற்றமும் கலந்து ராத்திரி முழுக்க அடிச்சேன். 1213 ஏழு தடவை வந்தது, ஏழும் மறுமுயற்சில போயிடுச்சு. ரெண்டு குடோனோட கூட்டுத்தொகையும் வித்ததும் சேர்ந்து ஆரம்ப இருப்புக்கு ஒரு பீஸ் பிசகாம வருது. மைனஸ் ஒன்னுகூட இல்ல. இரவுப்பறவை அக்கா, கணக்கர் ஐயா, கடலோரம் அண்ணை, ரொம்ப நன்றி.

முதலாளிகிட்ட காட்டினேன். பார்த்துட்டு, "இனிமே சரிப்பா, ஏற்கெனவே உள்ள இருக்கிற தப்பு எண்ணை யார் சரி பண்றது?"ன்னார். அதுக்குப் பதில் இல்ல. நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு அவரும் நானும் ரெண்டு பசங்களும் குடோன்ல பேல் பேலாப் பிரிச்சு எண்ணப் போறோம்.

#23 · துருப்பிடிச்சவன் · சனி இரவு 9:22

ஒரே அடுக்கை ரெண்டு பேர் எண்ணாதீங்க.